காற்றை அளப்பது எப்படி? அந்த எண்ணைப் படிப்பது எப்படி?



2018-ஆம் ஆண்டுக் கடைசியில் நான் வேறொரு செம்பனைத் தோட்டத்தில் மருத்துவ உதவியாளனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். லயத்துக்கு வடகிழக்கே, எல்லை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பழைய பிளாஸ்டிக்கை உருக்கும் பட்டறை ஒன்று புதிதாக முளைத்திருந்தது. ஒருநாள் காலை பெரட்டு முடிந்து கிளினிக்கைத் திறந்ததும், உரம் போடும் வேலையில் இருந்த ஓர் அம்மா தன் ஏழு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளைக்குக் கடுமையான இழுப்பு. மருந்துப் புகை பிடிக்க வைத்து, மூச்சு சீரான பிறகு, அந்த அம்மா தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"ஐயா, இதுல பாருங்க. காத்து நல்லா இருக்குன்னு போட்டிருக்கான். ஐம்பதுக்குக் கீழதான் காட்டுது. என் புள்ள ராத்திரி பூரா ஒக்காந்தே இருந்துச்சு. போன் பொய் சொல்லுதா, இல்ல என் புள்ள பொய் சொல்லுதா?"

அன்று என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். தொழிற்பேட்டைகள் தோட்டங்களை நெருங்கி வரும் காலம் இது. காற்றை எப்படி அளக்கிறார்கள் என்பது அதிகாரிகளுக்கு மட்டும் தெரிந்தால் போதாது, நமக்கும் தெரிய வேண்டும்.

எதை அளக்கிறார்கள்?

நம் நாட்டில் சுற்றுச்சூழல் துறை, காற்றிலுள்ள ஆறு பொருள்களை அளந்து காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டைக் கணக்கிடுகிறது. நாம் ஐபியு என்று சொல்வது இதைத்தான். அந்த ஆறும் இவை:

1. பத்து மைக்ரானுக்கு உட்பட்ட தூசு. இதை பி.எம். 10 என்பார்கள். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

2. இரண்டரை மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசு, அதாவது பி.எம். 2.5. தலைமுடியின் பருமனில் இது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான். மூக்கு மயிரும் சளியும் இதைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடிவரை போகும். அதில் மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கும். இழுப்பு நோய்க்காரருக்கும் இருதய நோய்க்காரருக்கும் இதுவே பெரிய எதிரி.

3. கந்தக டை ஆக்சைடு. நிலக்கரி, கனமான எண்ணெய் முதலியவற்றை எரிக்கும்போது வரும். தொண்டையை எரிக்கும், மூச்சுக் குழலைச் சுருக்கும்.

4. நைட்ரஜன் டை ஆக்சைடு. லோரி, கார், கொதிகலன் ஆகியவற்றின் புகையில் வரும்.

5. கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க விடாமல் தடுத்துவிடும்.

6. ஓசோன். இது எந்தப் புகைபோக்கியிலிருந்தும் நேராக வருவதில்லை. மற்றப் புகைகள் வெயிலில் வெந்து உண்டாவது. ஆகவே பிற்பகலில் அதிகமாக இருக்கும்.

ஓய்வாக இருக்கும் ஒரு மனிதன் ஒரு நாளைக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுத்து விடுகிறான். குலை அறுப்பவரும், உர மூட்டை சுமப்பவரும் அந்த நேரத்தில் இதைவிடப் பல மடங்கு வேகமாக இழுக்கிறார்கள். ஆகவே அதே காற்றில் ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே போகும் தூசு வேறு, நமக்குப் போகும் தூசு வேறு.

எப்படி அளக்கிறார்கள்?

பழைய முறை எளிமையானது. ஒரு வடிகட்டித் தாளை முதலில் நுட்பமான தராசில் நிறுத்துக்கொள்வார்கள். அதை ஒரு காற்று உறிஞ்சும் யந்திரத்தில் பொருத்தி, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, மறுநாள் மறுபடி நிறுப்பார்கள். ஏறிய எடைதான் தூசு. உதாரணமாக, யந்திரம் நிமிடத்துக்கு 1.13 கனமீட்டர் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 1,440 நிமிடம். ஆக மொத்தம் சுமார் 1,627 கனமீட்டர் காற்று. தாளின் எடை 0.1627 கிராம் ஏறியிருக்கிறது. ஒரு கிராம் என்பது பத்து லட்சம் மைக்ரோகிராம். ஆகவே தாளில் இருப்பது 1,62,700 மைக்ரோகிராம். இதை 1,627-ஆல் வகுத்தால், ஒரு கனமீட்டர் காற்றில் 100 மைக்ரோகிராம் தூசு. காற்றைப் பற்றி வரும் அறிக்கைகளில் நீங்கள் பார்க்கும் எண்ணெல்லாம் இப்படிப்பட்ட வகுத்தல் கணக்குத்தான்.

இப்போது நாடெங்கும் 60-க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் பள்ளிக்கூட வளாகங்களில் சிறு அறைபோல நிற்கும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிக் கருவி உண்டு. தூசை அளக்க, அது படிந்த தாளின் வழியாகக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு தடைபடுகிறது என்று பார்க்கும் கருவி உண்டு. கந்தக வாயுவின்மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் அது மினுங்கும். அந்த மினுக்கத்தின் அளவே வாயுவின் அளவு.

இன்னும் சில முறைகளும் உண்டு. சிறு பிளாஸ்டிக் குழாய்க்குள் ரசாயனம் தடவி, கம்பத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டு, பிறகு ஆய்வுக்கூடத்தில் பார்ப்பது ஒன்று. மின்சாரமே தேவையில்லை. ஆனால் அத்தனை வாரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சராசரிதான் கிடைக்கும். புகைபோக்கியிலிருந்து வரும் புகையின் கருமையை ஓர் அட்டையோடு ஒப்பிடுவது இன்னொன்று. ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் 1888-இல் உண்டாக்கிய அட்டை அது. சுழி என்றால் வெள்ளை, 5 என்றால் முழுக் கறுப்பு. செம்பனை ஆலையின் புகைபோக்கியையும் இப்படிப் பார்க்கலாம்.

கடையில் விற்கும் சிறு மின்னணுக் கருவி தூசின்மேல் ஒளியைப் பாய்ச்சி, அது சிதறுவதை வைத்து எண்ணுகிறது. பனியும் ஈரமும் உள்ள விடியற்காலையில் நீர்த்துளியையும் தூசென்று நினைத்து அதிகமாகக் காட்டிவிடும். போக்குப் பார்க்க அது உதவும். வழக்குப் போட அது போதாது.

எண்ணுக்கு என்ன பொருள்?

ஐபியு 0 முதல் 50 வரை நல்லது. 51 முதல் 100 வரை மிதமானது. 101 முதல் 200 வரை உடல்நலத்துக்கு ஆகாதது. 201 முதல் 300 வரை மிகவும் ஆகாதது. 300-க்கு மேல் ஆபத்து. ஆறு பொருள்களுக்கும் தனித்தனியே எண் போட்டு, அதில் எது மிக மோசமோ அதையே அறிவிக்கிறார்கள். நுண்தூசான பி.எம். 2.5 இந்தக் கணக்கில் சேர்ந்தது 2018 ஆகஸ்டில்தான்.

இந்த எண்ணால் பயனில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 1997 செப்டம்பரில் சரவாக்கில் கூச்சிங்கில் 839 வரை போனது. 2005 ஆகஸ்டு 11-இல் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் 500-ஐத் தாண்டியதால் அவசர நிலை அறிவித்தார்கள். 2013 ஜூன் 23-இல் மூவாரில் 746. காட்டுத் தீயின் புகைமூட்டம் மாநிலம் முழுக்கப் பரவும்போது இந்த எண் சரியாகவே எச்சரிக்கிறது. ஆனால் ஒரு பட்டறைப் புகை, ஒரு லயத்தின்மேல், இரவில் இரண்டு மணி நேரம் இறங்கினால்? அங்கேதான் நாம் நான்கு கேள்வி கேட்க வேண்டும்.

முதல் கேள்வி: எதை அளந்தார்கள்?

2019 மார்ச் 7-இல் ஜொகூர் பாசீர் கூடாங்கில், கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டிவிட்டார்கள். அதிலிருந்து எழுந்த ஆவியால் பள்ளிப் பிள்ளைகள் வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறலால் விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். 111 பள்ளிகளை மூடினார்கள். அங்கே கண்டறிந்ததாக அறிவிக்கப்பட்ட பென்சீன், அக்ரோலின், அக்ரிலோநைட்ரில் போன்ற வாயுக்களில் ஒன்றுகூட ஐபியுவின் ஆறு பொருளில் இல்லை. கணக்கில் இல்லாத வாயு எவ்வளவு கூடினாலும் குறியீடு ஏறாது. பட்டியலில் இல்லாத ஆளைப் பெரட்டில் எத்தனை முறை கூப்பிட்டாலும் பதில் வராது அல்லவா? அதுபோலத்தான். இவ்வாயுக்களை அளக்க வேறு கருவி கொண்டு வர வேண்டும்.

இரண்டாம் கேள்வி: எங்கே அளந்தார்கள்?

நிலையம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். பட்டறைக்கு மேற்காற்றுப் பக்கம் அளந்தால் சுத்தமாகத்தான் இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அங்கே ஒன்று, போகும் பக்கம் ஒன்று என்று இரண்டு இடத்தில் அளந்து கழித்துப் பார்த்தால்தான் பட்டறையின் பங்கு தெரியும். மேலும், புகைபோக்கிக்குள் அளப்பது வேறு, பிள்ளை தூங்கும் இடத்தில் அளப்பது வேறு. இரண்டும் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எப்போது அளந்தார்கள்?

இரவில் தரை குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்றும் குளிரும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று சட்டிக்கு மூடிபோல நிற்கும். பகலில் மேலே போகும் புகை இரவில் மேலே போக வழியின்றித் தாழ்ந்து பரவும். விடியும்வரை அப்படியே கிடக்கும். இது இயற்கை. அதோடு, திருட்டுத்தனமாக எரிப்பவனும் இரவைத்தான் விரும்புகிறான். 2018 தொடக்கத்தில் சீன நாடு பழைய பிளாஸ்டிக்கை இறக்குமதி செய்வதை நிறுத்தியபின், அது நம் நாட்டுக்கு வந்து குவிந்தது. சிலாங்கூரில் கோல லங்காட் மாவட்டம் ஜெஞ்சாரோம் பக்கம் உரிமமில்லாத பட்டறைகள் முளைத்தன. இரவு நேரத்தில் பிளாஸ்டிக் எரியும் நாற்றம் வருகிறது என்று ஊர் மக்கள் இடைவிடாமல் புகார் செய்த பிறகே பல பட்டறைகளை மூடினார்கள்.

நான்காம் கேள்வி: எத்தனை மணி நேரச் சராசரி?

தூசுக்கு 24 மணி நேரச் சராசரி எடுப்பது வழக்கம். ஒரு கணக்குப் போடுவோம். 22 மணி நேரம் நுண்தூசு 15 மைக்ரோகிராம். இரவில் 2 மணி நேரம் மட்டும் 220. மொத்தம் 330-ம் 440-ம் சேர்த்து 770. இதை 24-ஆல் வகுத்தால் 32. நம் நாட்டின் 2020-ஆம் ஆண்டுத் தர அளவு, 24 மணி நேரத்துக்கு 35. ஆகவே ஏட்டில் இது "வரம்புக்கு உட்பட்டது". உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன அளவோ 15 மட்டுமே. ஆனால் இழுப்பு நோயுள்ள பிள்ளை சராசரியை மூச்சில் இழுப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் 220-ஐத்தான் இழுக்கிறது. ஆகவே, "ஒரு மணி நேரத்து உச்ச அளவு என்ன?" என்று கேளுங்கள்.

நாங்கள் செய்தது

அந்த அம்மா கேட்ட பிறகு நான் தோட்ட நிர்வாகத்திடம் சொன்னேன். புகார் போயிற்று. ஓர் அதிகாரி காலை பதினொரு மணிக்கு வந்து கைக்கருவியால் அளந்தார். குறையொன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். லயத்தில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். நானும்தான் திட்டினேன். பிறகு யோசித்தால், அவர் அளந்தது சரி, அளந்த நேரம்தான் சரியில்லை. அந்த நேரத்தை அவருக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாங்கள். நாங்கள் சொல்லவில்லை. "எப்பப் பார்த்தாலும் நாத்தம்" என்று மட்டுமே எழுதியிருந்தோம்.

அன்றிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கினோம். இரவுக் காவல்காரர் மணியையும் நாற்றத்தையும் குறித்தார். லயத்து முனையில் கம்பு நட்டு ஒரு பழைய துணியைக் கட்டிக் காற்றின் திசையைப் பார்த்தோம். மறுநாள் கிளினிக்குக்கு இருமலோடும் கண்ணெரிச்சலோடும் வந்தவர்களின் எண்ணிக்கையை நான் எழுதினேன். அந்தப் பிள்ளைக்கு மூச்சு ஊதிப் பார்க்கும் குழல் ஒன்றைக் கொடுத்தேன். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் ஊதுகிறாள் என்று அது காட்டும். காலை மாலை ஊதி அவள் அம்மா குறித்து வைத்தார்.

2019 பிப்ரவரியில் சீனப் பெருநாள் வந்தது. பட்டறையைப் பத்து நாள் பூட்டினார்கள். அதற்கு முந்திய வாரம் 140-க்கும் 150-க்கும் இடையில் ஊதிக்கொண்டிருந்த பிள்ளை, அந்த விடுமுறையில் 200-ஐத் தொட்டாள். மருந்தில் மாற்றமில்லை, சாப்பாட்டில் மாற்றமில்லை. பட்டறை திறந்து மூன்றாம் நாள் மறுபடி 150. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அவள் அம்மா ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடி, முந்தானையில் சுற்றிக்கொண்டு, சங்கக் கிளைத் தலைவர் வீட்டுக்கு நடந்தார்.

கிளையின் கடிதத்தோடு நோட்டுப் புத்தகத்தின் நகலும் போயிற்று. இம்முறை அதிகாரிகள் இரவு ஒரு மணிக்கு வந்தார்கள். எரிவதைக் கண்ணாலேயே பார்த்தார்கள். பட்டறைக்கு உரிமமே இல்லை என்பதும் தெரிந்தது. மூடினார்கள்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்காரர்கள் சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வேறு எந்தத் தோட்டத்துப் பக்கம் அடுப்பு மூட்டினார்களோ தெரியாது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. நோட்டுப் புத்தகம் வையுங்கள். தேதி, மணி, காற்றின் திசை, புகையின் நிறமும் நாற்றமும், மழை உண்டா இல்லையா, யாருக்கு என்ன உபாதை என்று ஆறு கட்டம் போதும். நாற்றமில்லாத நாளையும் எழுதுங்கள். கெட்ட நாளை மட்டும் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

2. நம் லயங்களில் இப்போது இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய இருமலையும் எழுதுங்கள். புகை கடப்பிதழ் பார்த்து வருவதில்லை.

3. ஆதாரம் தேடிப் பட்டறைக்குள் புகாதீர்கள். கொட்டிக் கிடக்கும் ரசாயனத்தைத் தொடாதீர்கள். யாராவது மயங்கி விழுந்தால் காற்றுக்குக் குறுக்கே விலகி ஓடி, 999-ஐ அழையுங்கள்.

4. மூக்கை மட்டும் நம்பாதீர்கள். ஆலைக் கழிவுக் குளத்திலும் தொட்டியிலும் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அதிகமானால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று உள்ளே இறங்கினவர் திரும்பி வருவதில்லை.

5. ஈரத் துணியும் சாதாரண முகக்கவசமும் நுண்தூசைத் தடுக்காது. என்95 கவசம் முகத்தோடு ஒட்டிப் பொருந்தினால் தூசைத் தடுக்கும், ஆனால் வாயுவைத் தடுக்காது.

6. இழுப்பு உள்ளவர்கள், மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் மருத்துவர் சொன்ன தடுப்பு மருந்தை நிறுத்தக் கூடாது. மார்பில் தைலம் தேய்ப்பது மருந்தாகாது. பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

7. புகார் எழுதும்போது நான்கு கேள்வியையும் எழுத்தில் கேளுங்கள். வேலியைத் தாண்டி வரும் புகைக்குச் சுற்றுச்சூழல் துறை. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் அதன் கையில் இருக்கிறது. வேலை செய்யும் இடத்துப் புகைக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். 2024 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள திருத்தச் சட்டப்படி, உடனடி ஆபத்து இருக்கும் இடத்தை விட்டு விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. கிளைச் செயலாளர் வழியாகவே போங்கள். தனி ஆளாகப் போக வேண்டாம்.

8. கடைசியாக ஒன்று. கோபம் கொள்ளாதீர்கள். லயத்துக்குப் பின்னால் குப்பையையும் பிளாஸ்டிக் பையையும் நாமே எரித்துக்கொண்டு பட்டறைக்காரனைக் குறை சொல்ல முடியாது. முதலில் நம் நெருப்பை அணைப்போம்.

அந்த அம்மாவின் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். அம்மா, போனும் பொய் சொல்லவில்லை, பிள்ளையும் பொய் சொல்லவில்லை. போன் சொன்னது தூரத்து நிலையத்தில் எடுத்த சராசரி. உங்கள் மகள் சொன்னது உங்கள் வீட்டு இரவு. அதை யாரும் அளக்கவில்லை. நீங்கள் எழுதி வைத்தீர்கள், பிறகுதான் அளந்தார்கள்.

அடுத்த இதழில் பூச்சி மருந்து தெளிப்பவர்களின் கையுறை, கண்ணாடி பற்றிப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் சங்க அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தோட்ட மருத்துவ உதவியாளர்